டேக் போட்ட புரதத்தைக் கண்டறிவது எப்படி: லேபிள் ஒட்டிய ஆன்டிபாடிகளைப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு

ஒரு புரதத்தை ஆராய வேண்டும், ஆனால் அதை மட்டும் தேடிப் பிடிக்கும் நம்பகமான ஆன்டிபாடி கிடைக்கவில்லை. கிடைக்கிற ஒன்றிரண்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து மெம்பரேனுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடும் சோதனையில், நாலைந்து பேண்ட் (கோடு) காட்டுகின்றன. எது நம்முடையது என்று சொல்ல முடியவில்லை. புதிதாக ஒன்றைத் தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும். இந்த நிலையில் கைகொடுப்பதுதான் எபிடோப் டேக். ஆன்டிபாடி உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்ன அமினோ அமிலத் தொடரை நம் புரதத்தின் மரபணுவோடு சேர்த்து பிளாஸ்மிட்டில் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையத்தில்) எழுதிவிடுகிறோம். செல் புரதத்தை உண்டாக்கும்போது டேக்கும் அதன் உடம்பிலேயே வந்துவிடும். அப்புறம் புரதம் எதுவாக இருந்தாலும் அந்த டேக்குக்கான ஆன்டிபாடி ஒன்று போதும். 1984இல் மன்ரோ, பெல்ஹம் என்ற இருவர் பழ ஈயின் எச்எஸ்பி70 புரதத்தில் சப்ஸ்டன்ஸ் பி பெப்டைடைச் சேர்த்து அதைத் தேடிக் காட்டினார்கள். இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் நடப்பது அதே வேலைதான்.

வழக்கமான முறையில் இரண்டு ஆன்டிபாடிகள் தேவை. முதலாவது டேக்கைப் பிடிக்கும். இரண்டாவது, முதலாவதைப் பிடித்துக்கொண்டு சிக்னல் தரும். லேபிள் ஒட்டிய ஆன்டிபாடி என்றால் சிக்னல் தரும் பொருள், அதாவது எச்ஆர்பி நொதியோ (இசிஎல் என்ற கரைசலை ஒளிரவைப்பது) ஒளிரும் சாயமோ பயோட்டினோ, முதல் ஆன்டிபாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஒரு முறை ஊறவைத்துக் கழுவினால் வேலை முடிந்தது. கேட்க எளிதாக இருக்கிறது, எளிதும்தான். ஆனால் ஒரு படி குறைவதால் நம்முடைய பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. பேண்ட் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை வைத்து அதை நம்ப முடியாது. பக்கத்து லேனில் (ஜெல்லில் இன்னொரு மாதிரி ஓடும் தடத்தில்) அதே இடம் வெறுமையாக இருக்கிறதா என்பதை வைத்துத்தான் நம்ப முடியும். இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மாதிரி, பற்றிப் பேசுவது அதனால்தான்.

முதலில் டேக்கைத் தேர்ந்தெடுங்கள்

அதிகம் புழக்கத்தில் இருப்பவை ஐந்து. ஃப்ளாக் டேக்கில் 8 அமினோ அமிலங்கள். அதில் பெரும்பகுதி அஸ்பார்டிக் அமிலம். எச்ஏ டேக்கில் 9. இது இன்ஃப்ளூயென்சா வைரஸின் ஹீமக்ளூட்டினினில் இருந்து எடுத்தது. மிக் டேக்கில் 10. இது மனித சி-மிக் புரதத்தின் ஒரு துண்டு. வி5 டேக்கில் 14. ஹிஸ் டேக்கில் வழக்கமாக ஆறு ஹிஸ்டிடின்கள். முதல் மூன்றும் புரதத்தின் எடையைச் சுமார் ஒரு கிலோடால்டன் மட்டுமே கூட்டும். அதனால்தான் பெரும்பாலான புரதங்கள் இவற்றைத் தாங்கிக்கொள்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அதை முன்பே தெரிந்துகொண்டால் பின்னால் குழம்ப வேண்டாம். மிக் டேக்குக்கு எல்லோரும் பயன்படுத்துவது 9இ10 என்ற குளோன் (ஒரே செல் வழியிலிருந்து வரும் ஆன்டிபாடி). அந்தத் தொடரே மனித சி-மிக்கிலிருந்து வந்தது என்பதால், மனித செல்களில் உள்ள இயல்பான சி-மிக் புரதத்தையும் அது காட்டும். சுமார் 60 கிலோடால்டன் அருகே எதிர்பாராத பேண்ட் வந்தால் முதலில் இதை நினையுங்கள். எச்ஏ டேக்கை, செல்கள் அப்போப்டோசிஸில் (திட்டமிட்ட செல் சாவில்) சாகும்போது கேஸ்பேஸ் நொதிகள் வெட்டிவிடக்கூடும். செல்லைக் கொல்லும் மருந்தைச் சோதிக்கிறீர்கள், எச்ஏ சிக்னல் குறைகிறது என்றால், புரதம்தான் குறைந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது. டேக் மட்டும் போயிருக்கலாம். ஃப்ளாக்கில் ஒரு டைரோசின் இருக்கிறது. கோல்கி வழியாக வெளியே சுரக்கப்படும் புரதங்களில் அந்த டைரோசின்மேல் சல்ஃபேட் ஏறலாம்; ஏறினால் ஃப்ளாக்கைத் தேடும் எம்2 ஆன்டிபாடியின் பிடிப்பு குறையும். சுரக்கும் புரதம் என்றால் நான் வி5 பக்கம் போகச் சொல்வேன். அந்தத் தொடரில் டைரோசினே இல்லை, எனவே இந்தச் சிக்கலே எழாது. ஹிஸ் டேக்கை நிக்கல் ரெசினில் சுத்திகரிக்க வைத்துக்கொள்ளுங்கள். பாலூட்டிச் செல்களின் லைசேட்டில் (செல்களை உடைத்து எடுத்த திரவத்தில்) அதை பிளாட் செய்தால் பின்னணி இரைச்சல் அதிகம் வரும்.

டேக் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு எந்த டேக் என்பதைவிடக் கூடுதலாக யோசிக்க வேண்டும். சிக்னல் பெப்டைடு (புரதத்தைச் சுரப்புப் பாதைக்கு அனுப்பும் முன்துண்டு) உள்ள புரதத்தின் தொடக்கத்தில் டேக் போட்டால், சிக்னல் பெப்டைடு வெட்டப்படும்போது டேக்கும் சேர்ந்து போய்விடும். வெட்டுமிடத்துக்குப் பின்னால் போடுங்கள், இல்லாவிட்டால் முடிவில் போடுங்கள். ராஸ் போன்ற புரதங்களின் கடைசி முனையில் கொழுப்புச் சங்கிலி ஒட்ட வேண்டும். அங்கே டேக் வைத்தால் புரதம் சவ்வுக்குப் போகாது. எஸ்ஆர்சி போன்றவற்றுக்கு அதுவே தொடக்க முனையில் நடக்கிறது. இன்னொன்றும் உண்டு. கடைசி முனை டேக் முழுதாக மொழிபெயர்க்கப்பட்ட புரதத்தை மட்டுமே காட்டும். தொடக்க முனை டேக் பாதியில் நின்றுபோன துண்டுகளையும் சேர்த்துக் காட்டும். எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். முடிந்தால் இரண்டு முனைகளுக்கும் தனித்தனிப் பிளாஸ்மிட் செய்துவிடுங்கள். பின்னால் மிச்சமாகும் நேரத்தோடு ஒப்பிட்டால் குளோனிங் செய்யும் அந்தக் கூடுதல் வாரம் பெரிதல்ல.

ஃப்ளாக்குக்கு எம்1, எம்2 என்று இரண்டு பிரபலமான குளோன்கள் உள்ளன. எம்1 டேக்கைப் பிடிக்க வேண்டுமானால் அது புரதத்தின் முன்முனையில், அதற்கு முன் மெத்தியோனின்கூட இல்லாமல் இருக்க வேண்டும், கால்சியமும் வேண்டும். எம்2வுக்கு அந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. புதியவர்கள் எம்2வோடு தொடங்குங்கள்.

எந்த லேபிள்?

வெஸ்டர்ன் பிளாட்டுக்கும் எலைசாவுக்கும் (தட்டுக் குழிகளில் ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் சோதனை) எச்ஆர்பி. ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் முறை) நுண்ணோக்கிக்கும் ஒளிரும் சாயம். பயோட்டின் ஒட்டியது என்றால் அதன்மேல், பயோட்டினைப் பிடித்து சிக்னல் தரும் லேபிள் ஒட்டிய ஸ்ட்ரெப்டவிடின் புரதம் வேண்டும். பயோட்டினோடு பால் பவுடரில் பிளாக் செய்யாதீர்கள் (பிளாக் செய்வது என்றால் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பரேனை வேறு புரதத்தால் மூடுவது). பாலிலேயே பயோட்டின் இருக்கிறது.

நேரடி லேபிளுக்கு ஒரு விலை உண்டு. வழக்கமான முறையில் ஒரு முதல் ஆன்டிபாடிமேல் பல இரண்டாம் ஆன்டிபாடிகள் உட்காரும், அதனால் சிக்னல் பெருகும். இங்கே அந்தப் பெருக்கம் இல்லை. அதிக அளவில் உண்டாகும் புரதத்துக்கு இது பொருட்டே அல்ல. ஆனால் கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை மூலம் மரபணுவின் சொந்த இடத்திலேயே டேக் சேர்த்து, இயல்பான அளவில் மட்டுமே புரதம் இருக்கிறது என்றால் சிக்னல் மங்கலாக வரலாம். அப்போது மூன்று முறை அடுத்தடுத்து வரும் ஃப்ளாக்கை, அதாவது 22 அமினோ அமிலம் கொண்ட 3எக்ஸ் ஃப்ளாக்கைப் போடுங்கள். அல்லது பழைய இரண்டு படி முறைக்கே போங்கள்.

அதற்கு ஈடாகக் கிடைப்பது தெளிவு. எம்2, 9இ10 இரண்டுமே எலியிலிருந்து வந்த ஐஜிஜி1 வகை ஆன்டிபாடிகள். ஒரே செல்லில் ஃப்ளாக் புரதத்தையும் மிக் புரதத்தையும் பார்க்க வேண்டும் என்றால், எலி ஐஜிஜியைத் தேடும் இரண்டாம் ஆன்டிபாடிக்கு இவற்றைப் பிரித்தறியத் தெரியாது. ஒன்றில் 488 சாயமும் இன்னொன்றில் வேறு நிறத்தில் ஒளிரும் 647 சாயமும் நேரடியாக ஒட்டியிருந்தால் இரண்டையும் ஒரே குழாயில் கலந்து போடலாம்.

சேமிப்பில் கவனம் வேண்டிய இடங்கள் சில. எச்ஆர்பி ஆன்டிபாடியோடு சோடியம் அசைடு சேரவே கூடாது. அசைடு அந்த நொதியை முடக்கிவிடும். ஆய்வகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பஃபர் பாட்டிலில் யாராவது அசைடு போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள். சாயம் ஒட்டியவற்றை வெளிச்சம் படாமல் 4 டிகிரியில் வையுங்கள். தயாரிப்பாளர் சொன்னாலொழிய உறையவைக்காதீர்கள். பயன்படுத்தும் முன் குழாயை ஒரு நிமிடம் மைக்ரோ சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே உள்ளதை எடுங்கள். அடியில் திரண்டிருக்கும் துகள்கள்தான் பிளாட்டில் கரும்புள்ளிகளாகவும் நுண்ணோக்கியில் ஒளிப்பொட்டுகளாகவும் வந்து தொல்லை தருகின்றன.

பிளாட் செய்யும் முறை

செல்களுக்குப் பிளாஸ்மிட் கொடுத்து 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். அதே நாளில் மூன்று தட்டுகள் தயாராக வேண்டும்: உங்கள் டேக் புரதம், டேக் இல்லாத அதே புரதம் அல்லது காலி வெக்டர் (மரபணு செருகாத பிளாஸ்மிட்), ஏற்கெனவே வேலை செய்யும் என்று தெரிந்த, அதே டேக் கொண்ட வேறொரு புரதம். மூன்றாவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், உங்கள் லேன் வெறுமையாக வரும் நாளில் ஆன்டிபாடி கெட்டுப்போனதா, புரதமே உண்டாகவில்லையா என்ற கேள்விக்கு அது ஒன்றுதான் பதில் சொல்லும்.

செல்களைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸில் கழுவி, புரோட்டியேஸ் தடுப்பான் கலந்த ரிப்பா பஃபரில் பனிக்கட்டிமேல் 20 முதல் 30 நிமிடம் உடையுங்கள். 4 டிகிரியில் 12,000 முதல் 14,000 ஜி வேகத்தில் 10 நிமிடத்துக்கு மேல் சுற்றி, மேல் திரவத்தை எடுங்கள். பிசிஏ முறையில் புரத அளவைப் பாருங்கள். ஒரு லேனுக்கு 20 மைக்ரோகிராம் நல்ல தொடக்கம். டைதயோதிரைட்டால் கலந்த சாம்பிள் பஃபரில் 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆனால் சவ்வைப் பலமுறை கடக்கும் புரதங்களைக் கொதிக்கவிடக் கூடாது. அவை ஒன்றோடொன்று திரண்டு ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும். அவற்றை 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும்.

ஜெல்லில் ஓட்டியபின் மெம்பரேனுக்கு மாற்றுங்கள். பிவிடிஎஃப் என்றால் முதலில் மெத்தனாலில் நனைக்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸுக்கு அது தேவையில்லை. 20 கிலோடால்டனுக்குக் கீழான புரதம் என்றால் 0.2 மைக்ரான் துளையுள்ள மெம்பரேனை எடுங்கள். மாற்றியபின் பான்சோ எஸ் சாயத்தில் ஒரு நிமிடம் முக்கிப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். லேன்கள் சமமாக இருக்கின்றனவா, நடுவில் காற்றுக்குமிழி விழுந்ததா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு தண்ணீரில் கழுவினால் நிறம் போய்விடும்.

0.1 சதவீத ட்வீன் 20 கலந்த டிபிஎஸ்ஸில், அதாவது டிபிஎஸ்டியில், 5 சதவீதம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து ஒரு மணி நேரம் பிளாக் செய்யுங்கள். பிறகு எச்ஆர்பி ஆன்டிபாடியை அதே கரைசலில் கலந்து, அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் ஆட்டிக்கொண்டே வையுங்கள். எவ்வளவு நீர்க்க வேண்டும் என்பது தயாரிப்பைப் பொறுத்தது. 1,000இல் ஒன்று முதல் 10,000இல் ஒன்று வரை எதுவும் இருக்கலாம். மெம்பரேனைப் பட்டைகளாக வெட்டி மூன்று நான்கு செறிவுகளில் ஒருமுறை சோதித்துவிட்டால், அந்தக் குப்பி தீரும்வரை அந்த எண்ணை நம்பலாம்.

டிபிஎஸ்டியில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கழுவுங்கள். கழுவும் திரவம் தாராளமாக இருக்கட்டும். அடுத்து இசிஎல் கரைசலை மெம்பரேன்மேல் ஒரே சீராக ஊற்றி ஒரு நிமிடம் வைத்துப் படம் எடுங்கள். சில நொடிகளில் தொடங்கி சில நிமிடங்கள் வரை வெவ்வேறு நேரங்களில் எடுங்கள். மிகையாக நிறைந்து கறுத்த பேண்டை வைத்து அளவை ஒப்பிட முடியாது.

நேரடி லேபிளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று இங்கே கிடைக்கிறது. முதல் படம் எடுத்ததும் மெம்பரேனை ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்து எச்ஆர்பியைச் செயலிழக்கச் செய்யலாம். பிறகு ஆக்டினுக்கோ இன்னொரு டேக்குக்கோ உள்ள எச்ஆர்பி ஆன்டிபாடியைப் போடலாம். பழைய ஆன்டிபாடி மெம்பரேனிலேயே இருந்தாலும் அதைத் தேடிப் பிடிக்க இரண்டாம் ஆன்டிபாடி இங்கே இல்லையே. புரதத்தையும் சேர்த்துக் கழற்றிவிடும் கடுமையான ஸ்ட்ரிப்பிங் தேவைப்படாது. செயலிழந்ததா என்று இசிஎல் ஊற்றி ஒரு வெற்றுப் படம் எடுத்து உறுதி செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஐபி செய்பவர்களுக்கு இது கட்டாயம் தேவை

இம்யூனோபிரெசிபிடேஷனில்தான் (ஐபி) லேபிள் ஒட்டிய ஆன்டிபாடியின் முழு அருமை தெரியும். எலி ஆன்டிபாடி கொண்ட மணிகளால் புரதத்தை இழுக்கிறோம். பிறகு மணிகளைச் சாம்பிள் பஃபரில் கொதிக்கவைக்கிறோம். புரதத்தோடு ஆன்டிபாடியும் கழன்று வருகிறது. அதன் கனச்சங்கிலி 50 கிலோடால்டனிலும் மென்சங்கிலி 25 கிலோடால்டனிலும் ஓடும். எலி ஐஜிஜியைத் தேடும் இரண்டாம் ஆன்டிபாடியைப் போட்டால் அந்த இரண்டு இடங்களும் கறுத்துத் தடித்துப் போகும். உங்கள் புரதம் 48 அல்லது 55 கிலோடால்டன் என்றால் அந்தக் கறுப்புக்குள் புதைந்துவிடும். எச்ஆர்பி ஒட்டிய டேக் ஆன்டிபாடி டேக்கை மட்டும்தான் தேடும், சங்கிலிகளைக் கண்டுகொள்ளாது.

இரண்டு புரதங்கள் சேர்கின்றனவா என்று பார்க்கும்போது ஒன்றில் ஃப்ளாக்கும் மற்றதில் எச்ஏவும் வைத்து, ஃப்ளாக்கால் இழுத்து எச்ஏவால் பிளாட் செய்கிறோம். இங்கே ஒரு லேனை விட்டுவிட்டால் முழுச் சோதனையும் வீண். எச்ஏ புரதம் மட்டும் இருந்து, ஃப்ளாக் புரதம் இல்லாத செல்களின் லைசேட்டையும் அதே மணிகளால் இழுக்க வேண்டும். அந்த லேனில் எச்ஏ பேண்ட் வந்தால் உங்கள் புரதம் மணியிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். அது பிணைப்பு அல்ல. இழுப்பதற்கு முன் இருந்த லைசேட்டிலும் கொஞ்சம் எடுத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள். இரண்டு தட்டுகளிலும் எச்ஏ புரதம் ஒரே அளவில் இருந்தது என்று காட்டாமல் எந்த ஒப்பீடும் நிற்காது.

கொதிக்கவைப்பதற்குப் பதிலாக 3எக்ஸ் ஃப்ளாக் பெப்டைடை மில்லிலிட்டருக்கு 100 முதல் 150 மைக்ரோகிராம் அளவில் போட்டு, 4 டிகிரியில் அரை மணி நேரம் சுழற்றினால் புரதம் மட்டும் விடுபட்டு வரும். ஆன்டிபாடி பெரும்பாலும் மணியிலேயே தங்கிவிடும். நொதியின் செயல்பாட்டைப் பிறகு சோதிக்க வேண்டுமென்றால் இதுதான் வழி.

செல்லுக்குள்ளும் செல்மேலும் பார்க்க

நுண்ணோக்கிக்கு: 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 10 முதல் 15 நிமிடம் நிலைப்படுத்தி, கழுவி, 0.1 சதவீத ட்ரைட்டன் எக்ஸ்-100இல் 10 நிமிடம் துளையிட்டு, பிஎஸ்ஏவில் (மாட்டு ரத்தப் புரதத்தில்) பிளாக் செய்து, சாயம் ஒட்டிய ஆன்டிபாடியை இருட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு நச்சு, ஃபியூம் ஹூடிலேயே கையாளுங்கள். அது முக்கியமாக லைசின்களைத் தாக்கும். ஃப்ளாக்கில் இரண்டு லைசின் இருக்கிறது, மிக்கில் ஒன்று, எச்ஏவில் எதுவும் இல்லை. பிளாட்டில் நன்றாக வரும் ஃப்ளாக் நுண்ணோக்கியில் மங்கினால் நிலைப்படுத்தும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள், அல்லது மைனஸ் 20 டிகிரி மெத்தனாலுக்கு மாறிப் பாருங்கள். இன்னொன்று, மிகப் பிரகாசமான செல்லைப் படமெடுக்கும் ஆசையை அடக்குங்கள். அளவுக்கு மீறிப் புரதம் உண்டான செல்லில் அது எண்டோபிளாச வலையில் தேங்கி, இல்லாத இடத்தில் இருப்பதுபோலத் தோன்றும். மிதமாக ஒளிரும் செல்கள்தான் உண்மைக்கு அருகில் இருக்கும்.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல்மேல் இருக்கும் புரதத்தைப் பார்க்க, டேக் சவ்வுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். செல்களை உயிரோடு, துளையிடாமல், பனிக்கட்டிமேல் 30 நிமிடம் சாயமேற்றுங்கள். குளிரில் வைப்பது ஆன்டிபாடி பிடித்த புரதத்தைச் செல் உள்ளே இழுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான். செத்த செல்கள் எந்த ஆன்டிபாடியையும் ஒட்டவைத்துக்கொள்ளும் என்பதால், உயிருள்ளவற்றைப் பிரித்துக்காட்டும் சாயத்தைக் கூடவே சேருங்கள். ஒரே குழுவில் பாதியைத் துளையிட்டும் பாதியைத் துளையிடாமலும் சாயமேற்றினால், மொத்தப் புரதத்தில் எவ்வளவு மேற்பரப்புக்கு வந்தது என்று ஓரளவு கணிக்கலாம். சப்போனினால் துளையிடுகிறீர்கள் என்றால் அதை எல்லாக் கழுவும் பஃபரிலும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது எடுக்கப்பட்டதும் துளைகள் மூடிக்கொள்ளும்.

ஆன்டிபாடியின் அளவை இங்கே பாதி பாதியாகக் குறைத்து ஐந்தாறு செறிவுகளில் சோதிக்க வேண்டும். டேக் உள்ள செல்களுக்கும் இல்லாத செல்களுக்கும் இடையே பிரிவு எதில் அதிகமோ அதை எடுங்கள். அதிக ஒளி தரும் செறிவு பெரும்பாலும் அதுவாக இருக்காது.

ஏதாவது தவறினால்

எந்த லேனிலும் எதுவும் இல்லை, தெரிந்த டேக் புரதத்திலும் இல்லை என்றால் பிரச்சினை ஆன்டிபாடியிலோ இசிஎல்லிலோ இருக்கிறது. எச்ஆர்பி ஆன்டிபாடியில் ஒரு மைக்ரோலிட்டரைக் குழாயில் இருக்கும் இசிஎல்லோடு இருட்டில் கலந்து பாருங்கள். நீல ஒளி வந்தால் நொதி உயிரோடு இருக்கிறது. தெரிந்த புரதம் வந்து உங்களுடையது மட்டும் வரவில்லை என்றால் முதலில் பிளாஸ்மிட்டைச் சீக்வென்ஸ் செய்யுங்கள். டேக்கும் மரபணுவும் ஒரே வாசிப்புச் சட்டத்தில் இருக்கின்றனவா, நடுவில் நிறுத்தக் குறியீடு தங்கிவிட்டதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான மர்மங்கள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

பேண்டின் நடுப்பகுதி வெள்ளையாகவும் ஓரம் மட்டும் கறுப்பாகவும் இருந்தால் எச்ஆர்பி அதிகமாகி இசிஎல்லைத் தின்றுவிட்டது. ஆன்டிபாடியைப் பத்து மடங்கு நீர்த்துப் போடுங்கள். மெம்பரேன் முழுக்கக் கறுத்தால் பிளாக்கிங், கழுவுதல், செறிவு மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். காலி வெக்டர் லேனிலும் அதே பேண்ட் இருந்தால் அது உங்கள் புரதம் அல்ல, எவ்வளவு சரியான எடையில் இருந்தாலும் சரி. எதிர்பார்த்த எடையைவிட மேலே ஓடுகிறது, காலி லேனில் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். சர்க்கரை ஏறிய புரதங்களும் அமிலத் தன்மை மிகுந்த புரதங்களும் அப்படித்தான் ஓடும். பிஎன்ஜேஸ் எஃப் நொதியால் சர்க்கரையை நீக்கி மறுபடி ஓட்டினால் அதில் பாதி சந்தேகம் தீரும்.

நோட்டில் ஆன்டிபாடியின் குளோன் பெயர், லாட் எண், நீர்த்த அளவு, படமெடுத்த நேரம் நான்கையும் அன்றே எழுதிவிடுங்கள். வெறுமனே 'ஃப்ளாக் ஆன்டிபாடி' என்று எழுதினால் அது எம்1ஆ எம்2வா, எச்ஆர்பி ஒட்டியதா இல்லையா என்று அடுத்தவருக்குத் தெரியாது. அதே சோதனையை அவர் திரும்பச் செய்யவும் முடியாது.